வாயினுள் எடுத்த அச்சு: மெழுகிலிருந்து ஒளிவரை

மருத்துவ வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் நோய்களையும் மருந்துகளையும் பெருஞ் சத்திரசிகிச்சைகளையுமே பொருளாகக் கொண்டனர். பல் வைத்தியரின் மேசையிலே கிடக்கும் ஓர் அச்சுத் தட்டுக்கும் வரலாறு உண்டென்பதை நாம் எளிதில் நினைப்பதில்லை. வாயினுள் மென்பொருளொன்றை அழுத்திப் பற்களினதும் முரசினதும் எதிருருவைப் பெறுதலும், அதனுள் சாந்தை வார்த்து நேருருவை ஆக்குதலும், அந்நேருருவின்மீது பொய்ப்பல்லையோ பல்முடியையோ அமைத்தலும் இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக நிலவிவந்த முறையாகும். சென்ற நூற்றாண்டின் இறுதிக் காற்பகுதியில் இம்முறைக்குப் போட்டியாக ஒளியால் அச்செடுக்கும் முறை தோன்றியது. புதியது பழையதை எவ்வளவிற்கு வென்றது, வென்ற இடத்தில் நாம் எதனை இழக்கின்றோம் என்பனவற்றை இக்கட்டுரையில் நோக்குவோம்.

அச்சுமுறை தோன்றுமுன் பொய்ப்பல் செய்தோர் கவராயத்தால் வாயை அளந்து, யானைத் தந்தத்தையோ நீர்யானையின் பல்லையோ செதுக்கினர். செதுக்கியதன் அடிப்புறத்தில் சாயம் பூசி வாயில் வைத்துப் பார்த்து, சாயம் ஒட்டிய மேடுகளைச் சுரண்டிச் சுரண்டியே பொருத்தினர். இந்நிலையில் மாற்றத்தை ஏற்படுத்தியவர் பிரசிய மன்னர் இரண்டாம் பிரெடெரிக்கின் பல் வைத்தியரான பிலிப் பாவ் ஆவார். 1756இல் வெளிவந்த தமது நூலில் அவர், இளக்கிய மெழுகினால் தாடையின் ஒரு பாதியையும் பின்னர் மறு பாதியையும் தனித்தனியே பதிந்து, இரண்டையும் இணைத்துச் சாந்து வார்க்கும் முறையை விவரித்தார். இரு பாதிகளையும் இணைக்கும் இடத்திலே பிழை நேர வாய்ப்புண்டு என்பது வெளிப்படை. இவ்விணைப்புப் பிரச்சினையை வாசகர் நினைவிற் கொள்க. இருநூற்றைம்பது ஆண்டுகளின் பின் அது வேறு வடிவில் மீண்டும் வருகின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுக்கூற்றில் அச்சுக்கலை விரைந்து வளர்ந்தமைக்குக் காரணம் பல் வைத்தியத்துக்குள் மட்டும் இருந்ததன்று. 1846இல் பொஸ்ரன் நகரப் பல் வைத்தியர் வில்லியம் மோட்டன் ஈதர் மயக்க மருந்தின் பயனைப் பகிரங்கமாகக் காட்டினார். வலியின்றிப் பல் பிடுங்க முடிந்ததும் பிடுங்குவோர் தொகை பெருகிற்று; பொய்ப்பல் வேண்டுவோர் தொகையும் உடன் பெருகிற்று. அக்காலத்திலேயே அமெரிக்காவில் பாரிசுச் சாந்தையே நேரே வாயினுள் இட்டு அச்செடுக்கத் தொடங்கினர். நுண்மையில் அது மெழுகை விஞ்சியதெனினும், இறுகிய சாந்து வளைந்து கொடாது. பற்கள் உள்ள வாயிலிருந்து அதனைத் துண்டு துண்டாக உடைத்தெடுத்து வெளியே பொருத்தவேண்டியிருந்தது. நோயாளி பட்ட பாட்டை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

மலாயத் தீவுகளின் மரப்பாலாகிய கட்டாப்பேச்சாவும் 1840களின் இறுதியில் இத்துறைக்கு வந்தது. வெந்நீரில் இளகும் அப்பொருள் குளிர்கையிற் சுருங்கியது. இலண்டன் பல் வைத்தியர் சாள்ஸ் ஸ்டென்ற் 1850களில் அதனோடு வேறு பொருள்களைக் கலந்து அக்குறையை ஓரளவு நீக்கினார். முதலாம் உலகப் போர்க்காலத்தில் ஒல்லாந்துச் சத்திரசிகிச்சை நிபுணர் எசர், தோல் ஒட்டும்போது அதனைத் தாங்கிப் பிடிப்பதற்கு ஸ்டென்ற்றின் கலவையைப் பயன்படுத்தினார். இன்று இதயக் குருதிக்குழாயில் வைக்கப்படும் குழாய்க்கு வழங்கும் 'ஸ்டென்ற்' என்னும் பெயர் இவ்வழியே வந்ததென்பது பெரும்பாலோர் கொள்கை. பல் அச்சுக்காரர் ஒருவரின் பெயர் இதய வைத்தியத்தில் நிலைத்துவிட்டது.

நல்ல அச்சு கிடைத்தும் அதற்கேற்ற மலிவான அடித்தளம் இல்லாதிருந்தது. அக்குறையைத் தீர்த்தது கந்தகத்தோடு சேர்த்து வன்மையாக்கப்பட்ட இறப்பராகும். சாந்து உருவின்மீது வார்க்கப்பட்ட இறப்பர்த் தளம் வாயோடு செவ்வையாகப் பொருந்தியது. தந்தமும் பொன்னும் வாங்க இயலாத மக்களுக்கும் பொய்ப்பல் கிட்டியது. ஆயின் 1864இல் வழங்கப்பட்ட காப்புரிமையைக் கைக்கொண்ட குட்இயர் பல் வல்கனைற்றுக் கம்பனி, அமெரிக்கப் பல் வைத்தியர் ஒவ்வொருவரிடமும் உரிமைக் கட்டணம் அறவிட்டது. மறுத்தோரை நீதிமன்றுக்கு இழுத்தது. அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் 1870களில் கம்பனியின் பக்கமே தீர்ப்பளித்தது. 1879இல் அதன் பொருளாளர் யோசையா பேக்கன், வழக்கிற் சிக்கிய பல் வைத்தியர் ஒருவரால் சான்பிரான்சிஸ்கோவிற் சுட்டுக் கொல்லப்பட்டார். 1881இல் உரிமைக் காலம் முடிந்த பின்னரே இத்தொல்லை ஓய்ந்தது. கொலையை நாம் நியாயப்படுத்தவில்லை. தொழிற்கருவியின் திறவுகோல் ஒரு கம்பனியின் கையில் இருப்பின் தொழிலாளர் எந்நிலைக்குத் தள்ளப்படுவர் என்பதற்கு இது சான்றாகும் என்றே கூறுகின்றோம்.

இருபதாம் நூற்றாண்டின் பெரும் மாற்றம் மீள்தன்மையுடைய பொருள்களின் வருகையாகும். 1920களில் வியன்னாவைச் சேர்ந்த அல்பொன்ஸ் பொல்லர் கடற்பாசியிலிருந்து பெறப்படும் அகாரை அச்சுப் பொருளாக்கினார். சூட்டில் இளகி, உடற்சூட்டை அண்மித்த நிலையில் உறையும் இப்பொருள் பல்லின் வளைவுகளைக் கடந்து உடையாமல் வெளிவந்தது. அகாரின் பெரும் வழங்குநாடு யப்பான். இரண்டாம் உலகப் போரில் அவ்வழி அடைபடவே, மேனாட்டார் மற்றொரு பாசிப் பொருளாகிய அல்ஜினேற்றை நாடினர். (நம் நாட்டுக் களப்புகளில் விளையும் ஒருவகைப் பாசி 'இலங்கைப் பாசி' என்ற பெயரில் ஆங்கில வாணிக ஏடுகளில் இடம்பெற்றது, அதுவும் அகார் தருவதே.) நீரிற் குழைத்த சில நிமிடங்களில் இறுகும் அல்ஜினேற்று மலிவானது, இன்றும் உலகெங்கும் வழக்கிலுள்ளது. நீர் இழந்து சுருங்குவதால் உடனே சாந்து வார்க்கவேண்டும் என்பதே அதன் குறை. 1950களிலிருந்து வந்த பொலிசல்பைட்டு, சிலிக்கோன், 1965இல் யேர்மனியில் வெளியான பொலியீதர் என்பன இக்குறையைப் பெரிதும் நீக்கின.

பொருளே வேண்டாம், ஒளி போதும் என்ற எண்ணத்தை 1973இல் பிரான்சின் லியோன் நகரில் 'ஒளியச்சு' பற்றிய தமது ஆய்வேட்டில் முன்வைத்தவர் பிரான்சுவா டூரே. அப்பொழுது கணனிகளின் ஆற்றல் அவ்வெண்ணத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. சூரிச்சுப் பல்கலைக்கழகத்து வேர்ணர் மேர்மனும் பொறியியலாளர் மார்க்கோ பிராண்டெஸ்தினியும் 1980 முதல் உழைத்து, 1985 செப்டெம்பரில் வாயினுள் ஒளிப்படமெடுத்து, அதே அமர்விற் பீங்கான் கட்டியைக் குடைந்து, ஒரு நோயாளியின் பல்லில் பதித்தனர். செரெக் என வழங்கும் அத்தொகுதிக்குப் பல்லின் பளபளப்பை மறைக்க வெண்பொடி தூவவேண்டியிருந்தது. பொடி வேண்டாத வருடிகள் இந்நூற்றாண்டின் முதலிரு பத்தாண்டுகளிற் பரவின.

இரு முறைகளையும் ஒப்பிடுமிடத்து, தனிப் பல்முடி, குறுகிய பாலம் ஆகியவற்றில் இலக்கமுறை வருடல் பழைய அச்சுக்குத் தாழ்ந்ததன்று என்பது பொதுவாக ஏற்கப்பட்ட முடிபு. ஓங்காளிப்பு இல்லை, பிழைத்த பகுதியை மட்டும் மீள எடுக்கலாம், அச்சு வழியிற் கெடுவதில்லை. ஆயின் வருடி முழுத் தாடையையும் ஒரே பார்வையிற் காண்பதில்லை. சிறு சிறு படங்களை ஒன்றோடொன்று தைத்தே முழு உருவைக் காட்டுகின்றது. தையல்தோறும் நேரும் நுண்பிழை தாடை நெடுகிலும் திரளுகின்றது. பாவின் இரு மெழுகுப் பாதிகளின் பிரச்சினையே இது. மேலும், ஒளி தான் காண்பதையே பதியும். முரசின் கீழ் மறைந்த விளிம்பையும் குருதி மூடிய இடத்தையும் அது அறியாது.

பல்லே இல்லாத வாயில் இடர்ப்பாடு மிகுதி. அடையாளமற்ற, வழுக்கும், அசையும் தசைப் பரப்பில் படங்களைத் தைக்கப் பற்றுக்கோடு அரிது. அங்கே வேண்டப்படுவது ஓய்ந்திருக்கும் தசையின் வடிவம் மட்டுமன்று. உதடும் கன்னமும் நாவும் அசையும்போது பொய்ப்பல்லின் ஓரம் எங்கே நிற்கவேண்டும் என்பதுமாகும். அதனை அறிய வைத்தியர் நோயாளியின் கன்னத்தை இழுத்து, நாவை நீட்டச் செய்து, இளகிய ஓரத்தை வடிவமைக்கின்றார். அழுத்தத்தை உணரும் கையின் வேலை இது. முழுப் பொய்ப்பல் வேண்டி வருவோர் பெரும்பாலும் முதியோரும் வறியோருமே. புதுமுறையின் நன்மை முதலிற் சென்றடைவது ஏனையோரையே என்பதை நாம் சொல்லாமல் விடுவதற்கில்லை. மாணவர் வருடியை மட்டும் பயின்று இக்கைவேலையைக் கைவிடின் அவ்விழப்பு இவர்கள் தலையிலேயே விழும்.

வரலாற்று மாணவர் என்ற முறையில் நமக்கு மற்றுமொரு கவலையும் உண்டு. சாந்து உருவைப் படிக்கக் கண் போதும். இலக்கமுறைக் கோப்போ, பரப்பினைச் சிறு முக்கோணங்களாகப் பிரித்து எழுதிய எண்களின் தொகுதி. அதனைத் திறக்க மென்பொருள் வேண்டும். தொடக்ககால வருடிகள் பல தத்தம் கம்பனியின் இயந்திரத்துக்கு மட்டுமே விளங்கும் வடிவிற் பதிவுகளை வைத்தன. பின்னர் எல்லோரும் திறக்கக்கூடிய பொதுவடிவிற் கோப்பைத் தரும் வழக்கம் பரவியதாயினும், மூடிய வடிவிற் சேமிக்கப்பட்ட பழைய பதிவுகள் அம்மென்பொருள் உள்ளவரையே பயன்படும். இதனாலேயே போலும், வருடியால் எடுத்த பதிவைப் பிசினில் உருவாக அச்சிட்டு, பெயரெழுதி, பழைய சாந்து உருவங்களின் பக்கத்திலேயே அடுக்கி வைக்கும் வைத்தியரும் உளர்.