கல்யாணத்துக்கு நாள் குறிக்கும் முன் இந்தக் கணக்கைப் போடுங்க! பிரிட்டன் 'ஸ்பௌஸ் விசா'வுக்கு என்னென்ன தேவை? முழு விவரம்

மாப்பிள்ளைக்கு லண்டனில் வேலை. இரண்டு வாரம் லீவு போட்டு வருகிறார். மதுரையில் தடபுடலாகக் கல்யாணம். மூன்றாவது வாரம் அவர் மட்டும் விமானம் ஏறிவிடுகிறார். "விசா வந்ததும் பொண்ணு கிளம்பிடுவா" என்று வீட்டில் எல்லோரும் சொல்லிக்கொள்கிறார்கள்.

ஆனால் அந்த விசா வருமா, எப்போது வரும் என்பதைக் கல்யாணச் சான்றிதழ் மட்டும் முடிவு செய்வதில்லை. மாப்பிள்ளையின் சம்பளச் சீட்டு, பெண்ணின் பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயர், ஓர் ஆங்கிலத் தேர்வு, ஒரு எக்ஸ்ரே என எல்லாம் சரியாக இருந்தால்தான் விசா. ஒன்று இடித்தாலும் புதுமணத் தம்பதி மாதக்கணக்கில், சில நேரம் வருடக்கணக்கில் ஆளுக்கொரு நாட்டில் இருக்க வேண்டியதுதான்.

பிரிட்டன் குடியுரிமை உள்ளவரைத் திருமணம் செய்துகொண்டு அங்கே போக நினைப்பவர்கள் எதை, எப்போது தயார் செய்ய வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

யார் துணையை அழைக்க முடியும்?

பிரிட்டன் அல்லது அயர்லாந்து குடியுரிமை பெற்றவர்களும், பிரிட்டனில் நிரந்தரமாக வசிக்கும் உரிமை பெற்றவர்களும் ஸ்பௌஸ் விசாவில் கணவனையோ மனைவியையோ அழைக்கலாம். இருவருக்கும் 18 வயது நிறைந்திருக்க வேண்டும். இருவரும் நேரில் சந்தித்திருக்க வேண்டும். போனில் பேசியது மட்டும் போதாது.

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். மாப்பிள்ளை அங்கே வேலை விசாவில் இருக்கிறார் என்றால், அவருடைய மனைவிக்கு இந்த ஸ்பௌஸ் விசா கிடையாது. அது 'டிபெண்டன்ட் விசா' என்ற வேறு வகை. அதற்கு விதிகளும் வேறு. எனவே வரன் பேசும்போதே, "அங்க என்ன ஸ்டேட்டஸ்ல இருக்கீங்க?" என்று கேட்டுவிடுவது நல்லது. "லண்டன்ல செட்டில் ஆயிட்டார்" என்று தரகர் சொல்வது பதில் ஆகாது.

முதல் தடை: 29,000 பவுண்டு

அழைக்கும் நபரின் ஆண்டு வருமானம், வரி பிடிப்பதற்கு முன், குறைந்தது 29,000 பவுண்டு இருக்க வேண்டும். 2012 முதல் 18,600 பவுண்டாக இருந்த இந்த வரம்பு, 2024 ஏப்ரல் 11 முதல் உயர்த்தப்பட்டது. இதை 38,700 வரை கொண்டுபோக முந்தைய அரசு திட்டமிட்டது. அடுத்து வந்த அரசு அந்த உயர்வை நிறுத்தி வைத்தது.

வேலைக்குப் போகிறவர் ஒரே நிறுவனத்தில் 6 மாதமாவது இதற்கு ஏற்ற சம்பளம் வாங்கியிருந்தால் கணக்கு எளிது. 6 மாதச் சம்பளச் சீட்டு, அந்தச் சம்பளம் வரவான வங்கி ஸ்டேட்மென்ட், நிறுவனத்தின் கடிதம் ஆகியவற்றைக் காட்ட வேண்டும். சீட்டில் உள்ள தொகையும் வங்கியில் விழுந்த தொகையும் பொருந்த வேண்டும். சமீபத்தில் வேலை மாறியிருந்தால் கடந்த 12 மாத வருமானமும் பார்க்கப்படும். சொந்தத் தொழில் என்றால், முடிந்துபோன முழு நிதியாண்டின் வரிக் கணக்கு கேட்கப்படும்.

எவையெல்லாம் கணக்கில் வராது என்பதும் முக்கியம். பெண் சென்னையில் ஐடி வேலையில் மாதம் ஒன்றரை லட்சம் வாங்கினாலும், இந்தியாவிலிருந்து விண்ணப்பிக்கும்போது அந்தச் சம்பளம் சேராது. "நாங்க பாத்துக்கறோம்" என்று மாமனார் கடிதம் கொடுத்தாலும் பொதுவாக எடுபடாது.

வருமானம் போதாவிட்டால் சேமிப்பைக் காட்டலாம். ஆனால் அதற்கு ஒரு சூத்திரம் இருக்கிறது. குறைகிற தொகையை இரண்டரையால் பெருக்கி, அதோடு 16,000 கூட்ட வேண்டும். உதாரணத்துக்கு, சம்பளம் 25,000 பவுண்டு என்றால் குறைவது 4,000. அதன் இரண்டரை மடங்கு 10,000. கூட 16,000 சேர்த்தால் 26,000 பவுண்டு சேமிப்பு வேண்டும். வருமானமே இல்லை என்றால் 88,500 பவுண்டு. இந்தப் பணம் தம்பதியின் கட்டுப்பாட்டில் குறைந்தது 6 மாதம் இருந்திருக்க வேண்டும். விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் யாரோ போட்டுவிட்ட பணம் உதவாது. சொந்தத் தொழில் வருமானத்தோடு சேமிப்பைச் சேர்த்துக் காட்டவும் விதி இடம் தரவில்லை.

மாப்பிள்ளை குறிப்பிட்ட சில உடல் குறைபாட்டு உதவித்தொகைகளோ, நோயாளியைப் பராமரிப்பதற்கான உதவித்தொகையோ பெறுகிறார் என்றால் 29,000 வரம்பு பொருந்தாது. குடும்பத்தை நடத்தப் போதுமான வருமானம் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள்.

தாலி கட்டினால் போதாது, பதிவு வேண்டும்

திருமணம் நடந்த நாட்டின் சட்டப்படி அது செல்ல வேண்டும் என்பது பிரிட்டனின் விதி. தமிழ்நாட்டில் எந்த மதத் திருமணமாக இருந்தாலும் பதிவு கட்டாயம் என்கிறது 2009-ம் ஆண்டின் திருமணப் பதிவுச் சட்டம். 90 நாட்களுக்குள் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு மேலும் 60 நாட்கள் அவகாசம் உண்டு. கோயில் ரசீது, மண்டப பில், பத்திரிகை எல்லாம் துணை ஆதாரங்கள்தான். சார்பதிவாளர் அலுவலகச் சான்றிதழுக்கு மாற்று ஆகாது.

இருவரும் இந்துக்கள் என்றால், ஒருவர் வெளிநாட்டுக் குடிமகனாக இருந்தாலும் இந்து திருமணச் சட்டப்படி மணம் முடித்துப் பதியலாம். மதம் வேறு என்றால் 1954-ம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம்தான் பலர் போகும் வழி. அதில் நாள் கணக்கு முக்கியம். இருவரில் ஒருவராவது 30 நாள் வசித்திருக்கும் மாவட்டத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். நோட்டீஸ் கொடுத்து 30 நாள் கழித்துத்தான் திருமணம் முடிக்க முடியும். நோட்டீஸ் கொடுத்ததிலிருந்து 3 மாதத்துக்குள் முடிக்கவும் வேண்டும். கூட மூன்று சாட்சிகள். இரண்டு வார லீவுக்குள் இது நடக்காது.

மாப்பிள்ளைக்கு ஏற்கனவே திருமணமாகி விவாகரத்து ஆகியிருந்தால், நீதிமன்றத்தின் இறுதி உத்தரவைக் கேட்டு வாங்குங்கள். விசா அதிகாரியும் அதைக் கேட்பார். அதைவிட, கல்யாணத்துக்கு முன்பே பெண் வீட்டார் பார்க்க வேண்டிய காகிதம் அது.

இனிஷியலால் வரும் தலைவலி

தமிழர்களுக்கே உரிய சிக்கல் இது. பாஸ்போர்ட்டில் 'கவிதா செல்வம்'. திருமணச் சான்றிதழில் 'செ.கவிதா'. டிகிரி சான்றிதழில் 'கவிதா எஸ்'. நமக்கு மூன்றும் ஒரே ஆள். குடும்பப் பெயர் என்ற பழக்கத்திலேயே வளர்ந்த அதிகாரிக்கு அப்படித் தோன்றாமல் போகலாம்.

எனவே திருமணப் பதிவின்போதே பாஸ்போர்ட்டில் உள்ள பெயரையும் பிறந்த தேதியையும் அப்படியே எழுதச் சொல்லுங்கள். பழைய சான்றிதழ்களில் வேறுபாடு இருந்தால், இனிஷியல் என்பது அப்பா பெயரின் முதல் எழுத்து என்பதை விளக்கி ஒரு கடிதம் இணைக்கலாம். கல்யாணம் ஆனதற்காக உடனே கணவர் பெயரைச் சேர்த்து பாஸ்போர்ட்டை மாற்ற வேண்டிய கட்டாயம் இல்லை. பழைய பெயரிலேயே விண்ணப்பிக்கலாம்.

தமிழில் உள்ள எந்த ஆவணமாக இருந்தாலும் முழு ஆங்கில மொழிபெயர்ப்பு தேவை. மொழிபெயர்த்தவரின் பெயர், கையெழுத்து, தேதி, தொடர்பு விவரம், மொழிபெயர்ப்பு சரியானது என்ற உறுதி ஆகியவை அதில் இருக்க வேண்டும்.

'அரேஞ்ச்டு மேரேஜ்' என்றால் பிரச்சினையா?

இல்லை. பெரியவர்கள் பார்த்துச் செய்த திருமணம் என்பதற்காக விசாவை மறுப்பதில்லை. கட்டாயத் திருமணம்தான் குற்றம். ஆனால் இரண்டு முறை மட்டுமே சந்தித்து மணம் முடித்தவர்களுக்கு, 'உறவு உண்மையானது' என்று காட்ட ஆதாரம் குறைவாக இருக்கும். அதை ஈடுகட்ட வேண்டும்.

வரன் எப்படி வந்தது, முதலில் எங்கே பார்த்தார்கள், நிச்சயம் எப்போது, இனி எங்கே சேர்ந்து வாழப்போகிறார்கள் என்பதையெல்லாம் இருவரும் தனித்தனிக் கடிதமாக எழுதலாம். பெண் பார்த்த நாள் முதல் எடுத்த போட்டோக்களில் சிலவற்றைத் தேதியோடு வையுங்கள். முந்நூறு மேடை போட்டோவைவிட, வெவ்வேறு நாளில் எடுத்த இருபது போட்டோ பலமான ஆதாரம். விமான டிக்கெட், பாஸ்போர்ட் முத்திரை, கல்யாணத்துக்குப் பிறகும் தொடரும் போன் அழைப்புப் பதிவு, பணம் அனுப்பிய ரசீது எல்லாம் உதவும்.

தங்கப்போகும் வீட்டுக்கும் ஆதாரம் வேண்டும். வாடகை ஒப்பந்தம் அல்லது வீட்டுப் பத்திரம் போதும். மாமனார், மாமியாரோடு ஒரே வீட்டில் இருக்கப்போகிறார்கள் என்றால், வீட்டு உரிமையாளரின் சம்மதக் கடிதமும் எத்தனை அறை, எத்தனை பேர் என்ற விவரமும் வையுங்கள்.

ஆங்கிலமும் எக்ஸ்ரேயும்

முதல் விசாவுக்கு 'ஏ1' என்ற அடிப்படை நிலையில் ஆங்கிலம் பேசவும் கேட்டுப் புரிந்துகொள்ளவும் தெரிந்தால் போதும். ஆனால் பிரிட்டன் அரசு அங்கீகரித்த தேர்வையே எழுத வேண்டும். வெளிநாட்டுப் படிப்புக்காக எழுதிய சாதாரண ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண் செல்லாது; பிரிட்டன் விசாவுக்கென்றே தனியாக நடத்தப்படும் தேர்வு இருக்கிறது. ஆங்கில வழியில் டிகிரி முடித்தவர்கள் தேர்வு எழுதாமலும் தப்பிக்கலாம். ஆனால் அந்த டிகிரியை 'எக்டிஸ்' என்ற அமைப்பின் மூலம் மதிப்பீடு செய்து சான்று வாங்க வேண்டும்.

இந்தியாவில் வசிப்பவர்களுக்கு டிபி பரிசோதனை கட்டாயம். இலங்கையில் வசிப்பவர்களுக்கும் அப்படியே. அங்கீகரிக்கப்பட்ட கிளினிக்கில்தான் எடுக்க வேண்டும். சென்னையிலும் அந்த வசதி உண்டு. சான்றிதழ் 6 மாதம்தான் செல்லும் என்பதால், ரொம்ப முன்கூட்டியே எடுத்து வைக்காதீர்கள். கர்ப்பமாக இருப்பவர்கள் எக்ஸ்ரேவுக்கு முன் அங்குள்ள மருத்துவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும்.

செலவு எவ்வளவு?

வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிக்கக் கட்டணம் 1,900 பவுண்டுக்கு மேல். இதோடு என்ஹெச்எஸ் எனும் அரசு மருத்துவச் சேவைக்கான கட்டணம் ஆண்டுக்கு 1,035 பவுண்டு. முதல் விசா 33 மாதத்துக்குத் தரப்படுவதால் மூன்று ஆண்டுக் கணக்கில் 3,105 பவுண்டு கட்ட வேண்டும். இரண்டும் சேர்த்தாலே 5 லட்சம் ரூபாயைத் தாண்டிவிடும். கட்டணங்கள் அடிக்கடி உயர்வதால், பணம் கட்டும் நாளில் பிரிட்டன் அரசின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது. விசா மறுக்கப்பட்டால் மருத்துவக் கட்டணம் திரும்பி வரும். விண்ணப்பக் கட்டணம் போனது போனதுதான்.

எந்த வரிசையில் செய்ய வேண்டும்?

* நிச்சயத்துக்கு முன்: மாப்பிள்ளையின் குடியுரிமை, வருமானம், முந்தைய திருமண விவரம் ஆகியவற்றைக் காகிதத்தில் பாருங்கள்.
* கல்யாணத்துக்கு முன்: ஆங்கிலத் தேர்வு அல்லது டிகிரி மதிப்பீட்டை முடியுங்கள். தேர்வுச் சான்று 2 ஆண்டு செல்லும்.
* கல்யாணமானதும்: மாப்பிள்ளை ஊரில் இருக்கும்போதே பதிவை முடித்து, பெயர்களைச் சரிபாருங்கள்.
* அடுத்து: டிபி பரிசோதனை, மொழிபெயர்ப்பு, வீட்டு ஆவணம், கடிதங்கள்.
* கடைசியாக: வங்கி ஸ்டேட்மென்ட், சம்பளச் சீட்டு. இவற்றில் கடைசித் தேதி, ஆன்லைனில் விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 28 நாட்களுக்குள் இருக்க வேண்டும். பழைய ஸ்டேட்மென்ட் வைத்துச் சிக்கிக்கொள்பவர்கள் நிறைய பேர்.

ஆன்லைனில் பணம் கட்டிய பிறகு ஆவணங்களை ஸ்கேன் செய்து ஏற்றி, விசா மையத்தில் கைரேகையும் போட்டோவும் கொடுக்க வேண்டும். முன்பு எந்த நாட்டு விசா மறுக்கப்பட்டிருந்தாலும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மறுப்பைவிட மறைத்ததுதான் பெரிய சிக்கலாகும்.

இந்தத் தவறை மட்டும் செய்யாதீங்க!

"முதல்ல டூரிஸ்ட் விசால போயிடு, அங்க போய் மாத்திக்கலாம்" என்று சில ஏஜென்ட்டுகள் சொல்வார்கள். சுற்றுலா விசாவில் போனவர் பிரிட்டனுக்குள் இருந்தபடி ஸ்பௌஸ் விசாவுக்கு மாற விதி அனுமதிப்பதில்லை. அதேபோல "பேங்க் ஸ்டேட்மென்ட் நாங்களே ரெடி பண்ணித் தர்றோம்" என்பவர்களிடமும் உஷார். பொய் ஆவணம் என்று தெரிந்தால் இந்த விசா மட்டும் போகாது. அடுத்து போடும் விண்ணப்பங்களையும் அது துரத்தும்.

மறுத்துவிட்டால்?

மறுப்புக் கடிதத்தில் காரணம் எழுதியிருக்கும். இந்தியாவிலிருந்து விண்ணப்பித்தவர்கள் பொதுவாக 28 நாட்களுக்குள் பிரிட்டன் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் அதற்குப் பல மாதங்கள் ஆகலாம். ஏதோ ஒரு சம்பளச் சீட்டு விடுபட்டதுதான் காரணம் என்றால், குறையைச் சரிசெய்து புதிதாக விண்ணப்பிப்பது சில நேரம் வேகமான வழி. எது சரி என்பதை அங்கீகாரம் பெற்ற குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டு முடிவு செய்யலாம்.

விசா கிடைத்துப் போன பிறகு...

ஸ்பௌஸ் விசாவில் போனவர் வேலை பார்க்கலாம், படிக்கலாம். அரசின் பெரும்பாலான உதவித்தொகைகள் மட்டும் கிடைக்காது. முதல் விசா முடியும் முன் நீட்டிப்பு வாங்கி, 5 ஆண்டுகள் நிறைந்ததும் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம்.

போகும் பெண்கள் ஒன்றைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். "என்னை விட்டுப் போனா உன் விசா போயிடும்" என்று மிரட்டி அடிப்பவர்கள் உண்டு. ஆனால் இந்த விசாவில் இருக்கும்போது குடும்ப வன்முறையால் உறவு முறிந்தால், பாதிக்கப்பட்டவர் 5 ஆண்டுகள் காத்திருக்காமல் தன் பெயரிலேயே நிரந்தர வசிப்புரிமை கேட்க பிரிட்டன் விதிகளில் இடமுண்டு. ஆபத்து என்றால் அழைக்க வேண்டிய எண் 999. பாஸ்போர்ட்டை உங்கள் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். எல்லா ஆவணங்களின் நகலையும் அம்மா வீட்டில் ஒரு செட், இமெயிலில் ஒரு செட் என வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.