தஞ்சையில் பிறந்த 19 அடிப் படச்சுருள்

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்லில் ராஜராஜ சோழன் வெட்டுவித்த எழுத்து வரிவரியாக ஓடுகிறது. 1858 மார்ச், ஏப்ரல் மாதங்களில் அந்த வரிகளை ஒட்டியே ஒரு பெரிய மரக் கேமரா நகர்ந்து போனது. ஒரு படம் எடுத்ததும் கேமராவைத் தூக்கிப் பக்கத்தில் வைத்து அடுத்த படம். அப்படி எடுத்த 21 படங்களை ஓரம் சேர ஒட்டியபோது ஏறக்குறைய 19 அடி நீளச் சுருள் ஒன்று உருவாயிற்று. எடுத்தவர் சென்னை ராஜதானி அரசின் போட்டோகிராபர் கேப்டன் லின்னேயஸ் ட்ரைப். லார்ஜ் பார்மட் கேமராவில் கைவைக்க நினைப்பவர்களுக்கு இந்தச் சுருளின் கதையைத்தான் முதலில் சொல்வேன். இத்தனை பெரிய நெகடிவ் எதற்கு என்பதற்கு இதைவிட நல்ல விடை தமிழ்நாட்டில் இல்லை.

ட்ரைப் ஆங்கிலக் கம்பெனிப் படையின் அதிகாரி. 1850களின் தொடக்கத்தில் விடுப்பில் இங்கிலாந்து போனபோது கேமராவைக் கற்றுக்கொண்டார். 1855இல் பர்மாவுக்குப் போன தூதுக்குழுவோடு சென்று படங்களோடு திரும்பினார். மறு ஆண்டே ராஜதானி அரசு அவரைப் பணியமர்த்தியது. 1857 டிசம்பரில் மாட்டு வண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு பெங்களூரிலிருந்து கிளம்பி, சேலம், திருவரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை என்று சுற்றினார். சென்னைத் தொழிற்கலைப் பள்ளியில் பயின்ற சி. ஐயாசாமி அவருடைய உதவியாளர். இந்தக் கலையில் மிகத் தொடக்கத்திலேயே இறங்கிய தமிழர்களில் ஒருவராக அந்தப் பெயரை நாம் நினைவில் வைக்க வேண்டும்.

அவர்கள் கையாண்ட கேமராவின் நெகடிவ் ஏறத்தாழ 12×15 அங்குலம். 35 மி.மீ. பிலிமின் ஒரு பிரேமைப்போல 130 மடங்குக்கு மேற்பட்ட பரப்பு. சில வேளைகளில் கொலோடியன் பூசி உலர்த்திய கண்ணாடியையும் ட்ரைப் பயன்படுத்தினார். அவர் கைக்குப் பழகியது மெழுகுக் காகிதம். பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே 1851இல் வெளியிட்ட முறை அது. மெல்லிய காகிதத்தில் உருக்கிய மெழுகை ஊறவிட்டால் தாள் கண்ணாடிபோல ஒளி கடத்தும். பிறகு பொட்டாசியம் அயோடைடு கரைசலில் நனைத்து உலர்த்த வேண்டும். படம் எடுப்பதற்கு முன் இருட்டறையில் வெள்ளி நைட்ரேட்டில் மிதக்கவிட்டு, கழுவிக் காயவைக்க வேண்டும். வெயிலிலும் பல நிமிடம் எக்ஸ்போஸ் செய்ய வேண்டிய தாள் இது. அதன்பின் காலிக் அமிலத்தில் கிடந்து, உருவம் எழும்ப மணிக்கணக்காகும். ஹைப்போவில் நிலைநிறுத்தி, மறுபடி மெழுகிட்டால்தான் பிரிண்ட் போட முடியும்.

பிரிண்டும் நெகடிவின் அளவேதான். ரசாயனம் பூசிய தாளை நெகடிவோடு சேர்த்துச் சட்டத்தில் இறுக்கி வெயிலில் வைப்பார்கள். நடுவில் இன்னொரு லென்ஸ் கிடையாது என்பதால் நெகடிவில் இருக்கும் நுணுக்கமெல்லாம் பிரிண்டில் இறங்கிவிடும். அக்காலத்து ரசாயனம் நீல ஒளிக்கு மட்டுமே நன்றாக இணங்கியது. வானம் வெளிறும், மரங்கள் கறுத்துப்போகும். ட்ரைப் தூரிகை எடுத்து நெகடிவின் மேலேயே மேகமும் இலையும் தீட்டினார். பிற்காலத்து ஸ்டுடியோக்களில் பென்சிலால் முகத்துக்கு டச்சிங் செய்தவர்களின் முன்னோடி அவர்.

அடுத்து கவர்னராக வந்த சார்லஸ் டிரெவெலியன் இந்தச் செலவு அரசுக்கு ஆகாது என்று முடிவெடுக்க, 1859இல் பணி நின்றது. பெரிய கோயிலின் கல்வெட்டுகளை ஹூல்ட்ஷ் பதிப்பித்த ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ இரண்டாம் தொகுதியின் முதல் பகுதி 1891இல்தான் அச்சாயிற்று. அதற்கு 33 ஆண்டுகளுக்கு முன்பே, வெயிலும் மழையும் எண்ணெயும் படும் கல்லிலிருந்து ஒரு பிரதி தாளுக்கு வந்துவிட்டது. 2014, 2015இல் ட்ரைப்பின் படங்கள் வாஷிங்டன், நியூயார்க், லண்டன் அருங்காட்சியகங்களில் தனிக் கண்காட்சியாக வைக்கப்பட்டன.

காகித நெகடிவுக்குப் பின் கண்ணாடி பிளேட் வந்தது, 1871இல் ரிச்சர்டு மேடாக்ஸ் ஜெலட்டின் பூச்சைச் சொல்லித்தந்தார், பிறகு பிலிம். உதகையில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை 1967 முதல் ‘இந்து’ என்ற பெயரில் எக்ஸ்ரே பிலிமும் கறுப்பு-வெள்ளைப் பிலிமும் செய்தது. அது மூடிவிட்டது. ஆனால் இன்று தொடங்குபவருக்குக் கைகொடுப்பது அந்த எக்ஸ்ரே பிலிம் வகைதான். விலை குறைவு. சிவப்பு விளக்கில் பார்த்துக்கொண்டே கழுவலாம். 8×10 அங்குலத் தாளை நான்காக நறுக்கி ஓரம் கொஞ்சம் சீவினால் 4×5 ஹோல்டரில் நுழையும். பெரும்பாலும் இரு பக்கமும் பூச்சு இருப்பதால் தட்டில் நகம் படாமல் ஒவ்வொன்றாகக் கழுவ வேண்டும். தூத்துக்குடிப் பக்கம் குழாய்த் தண்ணீரே 30 டிகிரியில் வரும். டெவலப்பர் தட்டை ஐஸ் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து 20 டிகிரிக்குக் கொண்டுவராவிட்டால் பூச்சு இளகக்கூடும்.

கேமரா ஒன்று, 150 மி.மீ. லென்ஸ் ஒன்று, உறுதியான ஸ்டாண்டு, ஹோல்டர் இரண்டு போதும். கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தால் தேய்த்த கண்ணாடியில் உலகம் தலைகீழாகவும் இடவலம் மாறியும் நிற்கும். உருப்பெருக்கி வைத்து போகஸ் பார்த்து, ஷட்டரை மூடிவிட்டு, அப்புறம்தான் ஹோல்டரைச் செருகி மறைப்புத் தகட்டை உருவ வேண்டும். வரிசை மாறினால் பிலிம் போயிற்று.

எதை எடுப்பது? ட்ரைப்பின் பயணத்தில் தெற்கு எல்லை மதுரை. நம் தூத்துக்குடிப் பக்கத்துக் கொற்கைக்கு அவர் வரவில்லை. பாண்டியரின் முத்துத் துறைமுகம், கடல் விலகிப்போய் இன்று உள்நாட்டு ஊராக இருக்கிறது. தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 1968-69இல் இங்கே அகழ்ந்தது. அக்கசாலை ஈஸ்வரமுடையார் கோயிலில் கல்வெட்டுகள் உண்டு. ஊரில் ஒரு முதிய வன்னி மரம் உண்டு. பெரிய கோயில் கல்வெட்டுகளோ வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, சப்பத்தி என்று முத்துகளை வடிவம் பிரித்து எண்ணி வைத்திருக்கின்றன. முத்துச் சலாபக் கரையைச் சேர்ந்த நமக்கு அந்தக் கல்லில் உறவு இருக்கிறது.

ஆகவே, அனுமதி பெற்று, கொற்கையில் கல்வெட்டிலிருந்தே தொடங்குங்கள். வெயில் சுவரில் சாய்ந்து விழும் நேரம் பாருங்கள். அப்போதுதான் எழுத்தின் குழியில் நிழல் தங்கும். கேமராவின் முதுகு சுவருக்கு நேர் இணையாக நிற்கட்டும். எப்/22 வைத்து ஒன்று எடுத்து, கேமராவை நகர்த்தி, முந்தைய படத்தின் ஓர எழுத்து மறுபடி விழும்படி அடுத்ததை எடுங்கள். பிரிண்டுகளை ஒட்டி, எழுத்தறிந்த ஒருவரிடம் காட்டுங்கள். அவரால் தடையின்றிப் படிக்க முடிந்தால் கேமரா உங்களுக்குப் பழகிவிட்டது. ஊருக்கும் ஒரு பிரதி கிடைத்துவிட்டது.