இடைவெளியும் தீண்டாமையும்: 1896 பிளேக் தரும் பாடம்



2020 மார்ச்சில் 'சமூக விலகல்' என்ற சொல் நாடெங்கும் ஒலித்தது. நமக்கு அது புதிய சொல் அல்ல. ஊரென்றும் சேரியென்றும் பிரித்து, கிணற்றிலும் தெருவிலும் கோயில் வாசலிலும் நம்மை விலக்கி நிறுத்தியவர்கள் எந்தக் கிருமிக்கும் அஞ்சி அதைச் செய்யவில்லை. உலக சுகாதார நிறுவனம் அதே மாதத்தில் 'உடல் இடைவெளி' என்ற சொல்லுக்கு மாறியது. நம்மிடம் பலர் இன்றும் பழைய சொல்லையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். கொள்ளைநோய்க் காலத்தில் மக்கள் எதனால் விலகி இருக்கிறார்கள், எதனால் மறுக்கிறார்கள்? இதற்கு விடை தேட நாம் 1896ஆம் ஆண்டின் பம்பாய்க்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு செப்டம்பரில், துறைமுகத்தை ஒட்டிய மாண்ட்வி பகுதியில் பிளேக் கண்டறியப்பட்டது. அக்டோபரில் நோயாளிகளைக் கட்டாயமாகப் பிரித்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல மாநகராட்சி ஆணையிட்டது. மருத்துவமனைக்குப் போனவர் திரும்புவதில்லை என்ற அச்சம் பரவியது. அக்டோபர் 29 அன்று ஆலைத் தொழிலாளர்கள் ஆர்தர் சாலை மருத்துவமனையைத் தாக்கினார்கள். உடனே ஆணையர் ஸ்னோ கட்டாயத்தைத் தளர்த்தினார். அதற்கு அவர் கருதிய காரணங்களில் ஒன்று நாம் மறக்கக்கூடாதது: மலம் அள்ளுவோரும் தெருக் கூட்டுவோரும் ஓடிவிட்டால் நகரமே வாழத் தகுதியற்றுப் போகும். தீண்டத்தகாதவர் என்று தள்ளி வைத்தவர்களை நம்பித்தான் அந்த நகரம் மூச்சுவிட்டது.

கட்டாயம் தளர்ந்தும் அச்சம் தீரவில்லை. சில மாதங்களில் நகரத்தின் ஏறத்தாழப் பாதிப்பேர் வெளியேறினார்கள். பல சமூகத்தார் தங்களுக்கென்று தனித்தனியாக பிளேக் மருத்துவமனைகளைத் திறந்தார்கள். அரசு மருத்துவமனைக்கு அஞ்சியவர்கள் அங்கே போனார்கள். தம் மனிதர்கள் பக்கத்தில் இருந்தால் பிரிந்திருக்கவும் மனம் இசைகிறது. அப்படி ஒரு மருத்துவமனை கட்ட வசதியில்லாத சமூகங்களின் நிலை என்ன?

1897 பிப்ரவரியில் கொள்ளைநோய்ச் சட்டம் வந்தது. புனேயில் ராண்ட் தலைமையில் படையினர் வீடு வீடாகப் புகுந்தார்கள், பெண்களைச் சோதித்தார்கள், பொருள்களை எரித்தார்கள். மக்கள் நோயாளியை ஒளித்து வைத்தார்கள். ஜூன் 22 அன்று சாபேகர் சகோதரர்கள் ராண்டைச் சுட்டார்கள். பாடநூல்களில் நாம் படித்த பிளேக் வரலாறு பெரும்பாலும் இந்தத் துப்பாக்கியோடு முடிகிறது.

அதே ஆண்டில், அதே புனேயின் புறத்தே சாவித்திரிபாய் புலே இருந்தார். அவருடைய மகன் யஷ்வந்த் மருத்துவர். ஊருக்கு வெளியே, திறந்த வெளியில் மருத்துவமனை அமைத்தார்கள். முண்டுவா ஊரின் மகர் குடியிருப்பிலிருந்து நோயுற்ற சிறுவன் ஒருவனை முதுகில் சுமந்து அங்கே கொண்டுவந்தார் சாவித்திரிபாய். அவரையும் நோய் தொற்றியது. 1897 மார்ச் 10 அன்று இறந்தார். அதுவும் நோயாளியை ஊரிலிருந்து பிரித்து வைத்த இடம்தான். ஆனால் அங்கே நோயாளியைத் தூக்கிவர ஒரு தாய் இருந்தார். தொட மறுத்த சமூகத்தில், தொட்டுத் தூக்கியதே அந்த இடத்தின் மீது நம்பிக்கையைத் தந்தது.

சில ஆண்டுகளில் அரசே கட்டாயத்தைக் கைவிட நேர்ந்தது. அதன்பின் தக்காணத்தின் பல ஊர்களில், எலிகள் செத்து விழுந்ததுமே மக்கள் தாமாக வீட்டைக் காலி செய்து வயல்வெளியில் குடிசை போட்டுத் தங்கினார்கள். சிப்பாய் வரவில்லை, குடும்பம் பிரியவில்லை, பலன் கண்ணுக்குத் தெரிந்தது. ஆகவே விலகினார்கள். வயல் உள்ளவர் தம் வயலில் குடிசை போடலாம். நிலமற்றவர் எங்கே போடுவார்?

2020இலும் இதே கேள்விதான் எழுந்தது. 1897இன் சட்டமே மீண்டும் கையில் எடுக்கப்பட்டது. 2011 கணக்கெடுப்பின்படி இந்தியக் குடும்பங்களில் சுமார் 37 விழுக்காட்டினர் ஒற்றை அறையில் வாழ்கிறார்கள். அவர்களிடம் இடைவெளி விடச் சொல்வது எளிது. கூலி நின்றதும் லட்சக்கணக்கானோர் நெடுஞ்சாலைகளில் நடந்தார்கள். துப்புரவுப் பணியாளர்களோ ஒருநாளும் வீட்டில் இருக்க முடியவில்லை. இதை அறியாமை என்று சொல்பவர்கள், விலகி நிற்க வீடும் கூலியும் தண்ணீரும் வேண்டும் என்பதை மறைக்கிறார்கள்.

நோய்க்கான இடைவெளி சில வாரங்களுக்கு உரியது, எல்லோருக்கும் பொதுவானது, எதிரில் நிற்பவரின் உயிரையும் காப்பது. தீண்டாமை ஒருவரை மட்டும், காலமெல்லாம் தள்ளி வைப்பது. இரண்டையும் ஒரே சொல்லால் அழைக்க நாம் சம்மதிக்கக் கூடாது. அடுத்த கொள்ளைநோய் வரும்போது நாம் கேட்க வேண்டியவை இவை: வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி, தனித்திருக்க ஓர் அறை, சேரிக் குழாயில் தண்ணீர், நம்மைத் தொட்டு மருத்துவம் பார்க்கும் கை. இவை இருந்தால் யாரும் தடியைத் தூக்க வேண்டியதில்லை. நாமே விலகி நிற்போம்.