களம் சொன்ன பதில் – 9: குறுணை தூவிய குழிகள்

லாகூருக்குப் பக்கத்தில் மியான் மீர் பாளையம். 1902 தொடங்கி ஏழு ஆண்டுகள் அங்கே குட்டைகளைத் தூர்த்தார்கள், தேங்கிய நீரில் எண்ணெய் ஊற்றினார்கள். 1909இல் கணக்கை விரித்து வைத்தபோது, வென்றது மனிதனா நுளம்பா என்பதிலேயே சண்டை மூண்டது. அந்த இடத்தில்தான் சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம்.

களத்தில் நின்ற ஜேம்ஸும் கிறிஸ்டோபர்ஸும் பலன் இல்லை என்றார்கள். நுளம்பின் வயிற்றில் மலேரியாக் கிருமியை 1897இல் கண்டுபிடித்த ரொனால்ட் ரொஸ், எடுத்துக்கொண்ட பரப்பும் போதாது, செய்த வேலையும் போதாது என்று கொதித்தார். யார் சொன்னது சரி?

மியான் மீரால் அதற்குப் பதில் சொல்ல முடியாது. மலேரியா மழையோடு ஏறி இறங்கும் காய்ச்சல். ஓர் ஆண்டு குறைந்தால் எண்ணெயால் குறைந்ததா, வானம் பொய்த்ததால் குறைந்ததா? கூடினால், எதுவும் செய்யாமல் விட்டிருந்தால் இன்னும் கூடியிருக்குமா? ஒரே ஓர் இடத்தை மட்டும் வைத்துக்கொண்டு எத்தனை ஆண்டு அளந்தாலும் இந்தக் கேள்வி கழுத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும். இதிலிருந்து தப்பும் வழியைத் தேடி நாம் போகவேண்டிய இடம் மாத்தளைக்கு வடகிழக்கே இருக்கிறது.

பல்லேகமவை அறிந்தவர்களுக்குக் களுகங்கையைத் தெரியும். நக்கிள்ஸ் மலையில் பிறந்து, லக்கலப் பள்ளத்தாக்கு வழியாக இறங்கி, அம்பன் கங்கையில் போய்ச் சேரும் ஆறு. பழைய பல்லேகம நகரம் இன்று களுகங்கை நீர்த்தேக்கத்துக்கு அடியில் கிடக்கிறது. கடைத்தெருவும் வயலும் வீடும் விட்டு மக்கள் புது நகருக்குப் போனார்கள். ஆனால் இந்தக் கதை நடந்த 1990களில் அணை இல்லை. ஆற்றோரம் நெடுகக் குழிகள்தான் இருந்தன.

மாணிக்கக்கல் குழிகள். மாத்தளை, பொலன்னறுவை ஆகிய இரண்டு மாவட்டங்களையும் தொட்டுக் கிடக்கும் எலஹெர மாணிக்கக்கல் பகுதியில், ஆறு எப்போதோ கொண்டுவந்து படியவிட்ட சரளைப் படைக்கு ‘இல்லம்’ என்று பெயர். நீலக்கல் அதற்குள்தான் இருக்கும். இல்லத்தைத் தொடும்வரை தோண்டுவார்கள், சரளையை அள்ளிக் கூடையில் இட்டு அரிப்பார்கள். கல் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிடுவார்கள். தோண்டிய குழி தோண்டியபடியே கிடக்கும். மழை வந்து நிரப்பும். வெயில் படும் தெளிந்த நீர்.

இலங்கையில் மலேரியாவைப் பரப்பிய முதன்மையான நுளம்பான அனோபிலிஸ் குலிசிஃபேசிஸுக்கு வேண்டியது இதுவேதான். 1934இல் மழை பொய்த்து, ஓடவேண்டிய ஆறுகள் மணலுக்குள் குட்டை குட்டையாகத் தேங்கியபோது இந்த நுளம்பு பெருகி எழுந்தது. அந்தக் கொள்ளையில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். பிறகு டி.டி.டி. வந்தது. 1963இல் நாடு முழுவதற்கும் வெறும் 17 நோயாளர்கள். வெற்றி என்று நம்பி மருந்து தெளிப்பதை நிறுத்தினார்கள். 1969இல் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் காய்ச்சலில் விழுந்தார்கள். திரும்பவும் டி.டி.டி.யைக் கையில் எடுத்தபோது நுளம்பு அதற்குப் பழகிவிட்டிருந்தது.

வீட்டுச் சுவரில் மருந்தடிப்பது அந்தக் காலத்து முதல் ஆயுதம். கல் தோண்டுபவருக்குச் சுவர் ஏது? குழிக்கருகே ஒரு கொட்டில் போட்டு, இரவில் அதிலேயே படுத்துக்கொள்பவர் அவர். நுளம்பை அது பிறக்கும் குழியிலேயே மறிக்கவேண்டும் என்று எண்ணியவர்கள் மலேரியா எதிர்ப்பு இயக்கத்தின் யாப்பபண்டாரவும் அவரோடு உழைத்தவர்களும். லண்டன் வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியின் கிறிஸ் கேர்ட்டிஸ் அவர்களுடன் இணைந்தார். சன்சிபாரில் மலசலகூடக் குழிகளின் நீர்மட்டத்தில் பொலிஸ்டைரீன் மணிகளை மிதக்கவிட்டு நுளம்பின் மூச்சை அடைத்துக் காட்டியவர் அவர்.

அவர்கள் கையில் எடுத்தது பைரிப்ரொக்சிஃபென். அதன் பூர்வீகம் ஒரு துப்பறியும் கதை.

1960களின் நடுவில், பிராக் நகரிலிருந்து கரேல் ஸ்லாமா என்ற பூச்சியியலாளர் ஹார்வர்டுக்கு வந்தார். தான் கொண்டுவந்த சிவப்புப் பூச்சிகளைக் கண்ணாடிச் சாடிகளில் வளர்த்தார். அவை வளர்ந்தன, மேலும் வளர்ந்தன, ஆனால் முதிரவே இல்லை. பிள்ளைப் பருவத்திலேயே பருத்துச் செத்தன. பிராக்கில் ஒருபோதும் இப்படி நடந்ததில்லை. உணவு, நீர், வெளிச்சம் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்துக் கடைசியில் பிடித்தார்கள்: சாடிக்குள் போட்டிருந்த அமெரிக்கக் காகிதத் துண்டு! அந்நாட்டுக் காகிதம் செய்த ஊசியிலை மரத்தில், பூச்சியைக் குழந்தையாகவே வைத்திருக்கும் சுரப்புக்கு ஒப்பான ஒரு பொருள் இருந்தது. நியூயோர்க் ரைம்ஸ் தாளில் வளர்ந்த பூச்சி முதிரவில்லை. லண்டன் ரைம்ஸ் தாளில் வளர்ந்தது ஒழுங்காக முதிர்ந்தது. அந்த வழியில் நடந்த தேடல்களின் தொடர்ச்சியாக, ஜப்பானின் சுமிட்டோமோ நிறுவனம் பின்னாளில் உருவாக்கியதுதான் பைரிப்ரொக்சிஃபென்.

ஒரு லீற்றர் நீருக்கு 0.01 மில்லிகிராம் இருந்தால் போதும். நீள அகல ஆழம் ஒவ்வொன்றும் ஒரு மீற்றர் உள்ள குழிக்குக் கணக்குப் போட்டால் 10 மில்லிகிராம். கையால் தூவ வசதியாக அதைக் குறுணையில் ஏற்றித் தருகிறார்கள்.

ஆனால் இந்த மருந்து குடம்பியை உடனே கொல்லாது. தூவிய மறுநாள் குழியை எட்டிப் பார்ப்பவருக்குக் குடம்பிகள் வழக்கம்போல் நெளிவது தெரியும். அவை கூட்டுப்புழுவாகவும் மாறும். அதற்கு அடுத்த படியில்தான் தடை விழுகிறது: கூட்டை உடைத்துக்கொண்டு நுளம்பு வெளியே வராது. குழியைப் பார்த்து எவரும் எதையும் சொல்லிவிட முடியாது. கூட்டுப்புழுக்களை அள்ளிவந்து கிண்ணத்தில் விட்டு, எத்தனை பறக்கின்றன என்று எண்ணவேண்டும்.

கிண்ணத்தில் நுளம்பு பறக்காததால் கிராமத்தில் காய்ச்சல் குறைந்துவிடுமா? நுளம்புக்குச் சிறகு உண்டு. மருந்து விழாத ஒரு பள்ளத்திலிருந்து வந்து கடிக்கலாம். ரொஸ் மியான் மீரைப் பார்த்துக் கேட்டதும் ஏறக்குறைய இதைத்தான்.

ஆகவே எட்டுக் கிராமங்களை எடுத்தார்கள். முதல் ஓராண்டு எந்தக் குழியிலும் குறுணை விழவில்லை. எத்தனை நுளம்பு, எத்தனை பேருக்குக் காய்ச்சல் என்று அளந்தார்கள், அவ்வளவுதான். ஊர் நோயில் கிடக்கும்போது ஓராண்டைக் கணக்கெடுப்பில் கழிப்பதற்குப் பெரிய மனவுறுதி வேண்டும். அந்தப் பொறுமையை நான் மிக மதிக்கிறேன். அந்த ஓராண்டுக் கணக்கை வைத்துத்தான், ஒத்த நிலையில் உள்ளவை இரண்டு பக்கமும் விழும்படி கிராமங்களை நான்கு நான்காகப் பிரித்தார்கள். நான்கில் ஒவ்வொரு குழிக்கும் குறுணை. மற்ற நான்கில் இல்லை.

அந்த மற்ற நான்கு ஊர்களில் இருந்த தாய்மாரை நினைக்காமல் இந்த இடத்தைக் கடந்துபோகக் கூடாது. பக்கத்து ஊர்க் குழிக்கு மருந்து, தன் ஊர்க் குழிக்கு இல்லை. இது நியாயமா? குருதி சோதித்து மருந்து பெறுவது இந்த நாட்டில் எல்லாருக்கும் உரியது. குறுணை விழாத ஊருக்கும் அந்த உரிமை இருந்தது. குறுணையால் பயன் உண்டா என்பதோ அன்று தெரியாத விடயம். தெரியாத ஒன்றை எட்டு ஊருக்கும் தூவிவிட்டிருந்தால் மியான் மீர்ச் சண்டையை எலஹெரவில் இன்னொரு தடவை போட்டிருப்போம். நான்கு ஊர் காத்திருந்ததால்தான் நாட்டுக்கு ஒரு பதில் கிடைத்தது. அந்த ஊர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

குறுணை விழுந்த பின்னும் ஓராண்டு அளந்தார்கள். ஒரு தடவை தூவியது ஆறு மாதமளவுக்குத் தாக்குப்பிடித்தது. வளர்ந்த நுளம்புகள் தெளிவாகக் குறைந்தன. காய்ச்சல்? தூவாத ஊர்களில் இருந்ததில் ஏறத்தாழ 24 சதவீதம்தான் தூவிய ஊர்களில் இருந்தது. நான்கில் ஒன்றுக்கும் கீழே! இரண்டு பக்கமும் ஒரே வானம், ஒரே மழை, ஒரே ஆறு என்பதால் இந்த முறை மழையைக் காரணம் காட்ட எவருக்கும் வழி இருக்கவில்லை. 2001இல் முடிவு அச்சேறியது. மலேரியா அற்ற நாடு என்று 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று கொடுத்தது. அந்த நெடும்பாதையில் இந்த எட்டுக் கிராமங்களும் ஓர் அடி.

குழியில் குறுணை தூவிப் பார்த்தது போல மனிதரின் கையில் காசைக் கொடுத்துப் பார்த்தால் என்ன?

2005 ஏப்ரல். சுனாமி அடித்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களில் சிறுதொழில் செய்வோரின் கதவைத் தட்டத் தொடங்கினார்கள் கணக்கெடுப்பாளர்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் சுரேஷ் டி மெல், அவரோடு மெக்கென்சி, வூட்ரஃப் என்ற இரு பொருளியலாளர்கள் அனுப்பியவர்கள் அவர்கள். தையல்காரர், பலகாரம் சுட்டு விற்பவர், சில்லறைக் கடைக்காரர் போன்றவர்களில் குலுக்கலில் பெயர் விழுந்தவருக்கு 10,000 ரூபாய் அல்லது 20,000 ரூபாய். திருப்பித் தரவேண்டாம். சிலருக்குக் காசாக, சிலருக்குத் தொழிலுக்கு வேண்டிய பொருளாக.

பணம் போய்ச் சேர்ந்த தொழில்களில் இலாபம் மாதத்துக்கு முதலின் ஐந்து சதவீதமளவில் ஏறியது. எந்த வங்கியும் கேட்கும் வட்டியைவிடப் பல மடங்கு அது. ஆனால் ஆண்கள் நடத்திய தொழில்களையும் பெண்கள் நடத்திய தொழில்களையும் தனித்தனியாகப் பிரித்து எழுதிப் பார்த்தபோது, ஏறியதெல்லாம் ஒரே பக்கத்தில் இருந்தது. அதே தொகை, அதே குலுக்கல். பெண்களின் பக்கத்தில் இலாபம் அசையவே இல்லை.

அந்தப் பணம் எங்கே போனது?

(அடுத்த வாரம்)