ஹூர்நசப்: மதுரை சுல்தானகத்தில் மகள்கள் வழி நகர்ந்த அரியணை

தென்காசியில் 1446இல் விசுவநாதர் கோயில் திருப்பணியைத் தொடங்கிய பராக்கிரம பாண்டியரைப் பற்றி எழுதுவோர், பாண்டியர் மதுரையை விட்டுத் தெற்கே ஒதுங்க நேர்ந்த காரணத்தைச் சொல்லாமல் மேலே செல்ல முடியாது. குற்றாலத்துப் பேரருவியும் ஐந்தருவியும் இறங்கிச் சிற்றாற்றில் கலக்கும் இந்தச் சீமையே பாண்டிய மரபின் கடைசி நூற்றாண்டுகளுக்கு இருப்பிடமாயிற்று. காரணம் சொல்லும் இடத்தில் மதுரை சுல்தானகத்துக்கு இரண்டு மூன்று வரிகள் ஒதுக்கப்படும். 1335ஐ ஒட்டித் தில்லியின் ஆளுநர் தன்னாட்சி அறிவித்தார்; தளபதிகள் ஒருவரையொருவர் கொன்று அரியணை ஏறினார்கள்; விஜயநகரத்துக் குமார கம்பணர் படையெடுத்து வந்து முடித்துவைத்தார். இவை யாவும் நடந்தவையே. ஆனால் அந்த அரியணை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு எந்த வழியில் போயிற்று என்ற கேள்வியை யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. அது பெரும்பாலும் மகள்கள் வழியாகப் போயிற்று என்பதே இக்கட்டுரையின் வாதம். அந்த வழிக்குள் நுழைய நமக்குக் கிடைக்கும் கதவு, மதுரையில் வாழ்ந்ததாகவே பதிவில்லாத ஓர் இளவரசி: ஹூர்நசப்.

மதுரை சுல்தானகத்தை நிறுவிய சையித் ஜலாலுத்தீன் அஹ்சன் ஷாவின் மகள் அவர். மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா தில்லியில் காஜியாக, அதாவது நீதிபதியாக, இருந்த காலத்தில் அவரை மணந்தார். ஹூர்நசபைப் பற்றி நம்மிடம் உள்ள செய்தி அத்தனையும் இப்னு பதூதாவின் பயண நூலில் ஒரு சிறு பத்திக்குள் அடங்கிவிடுகிறது. அவர் நல்ல பெண். இரவில் விழித்துத் தஹஜ்ஜுத் தொழுவார். தனக்கென வகுத்துக்கொண்ட திக்ருகளை, அதாவது இறைநினைவு ஓதல்களை, ஓதிவருவார். ஒரு பெண் குழந்தை பெற்றார். தாயும் மகளும் பிறகு என்ன ஆனார்கள் என்பதை இறைவனே அறிவான் என்கிறார் கணவர். கடைசியாக ஒரு செய்தி: அவருக்கு வாசிக்கத் தெரியும், எழுதத் தெரியாது.

இந்தப் பத்தி எப்போது சொல்லப்பட்டது என்பதைக் கவனிக்கவேண்டும். இப்னு பதூதா 1342 ஜூலையில் தில்லியை விட்டுப் புறப்பட்டார். நூல் ஃபெஸ் நகரில் 1355இல், இப்னு ஜுஸை என்பவரிடம் வாய்மொழியாகச் சொல்லி முடிக்கப்பட்டது. இடையில் பதின்மூன்று ஆண்டுகள். கப்பல் சேதம், கொள்ளை, குறிப்பேடுகளின் இழப்பு. பல ஊர்களில் பலரை மணந்து பிரிந்த அவர், அந்த மனைவியரில் பெரும்பாலோரின் பெயரைக்கூடச் சொல்வதில்லை. ஹூர்நசபின் பெயர் நினைவில் நின்றிருக்கிறது. அவருடைய இரவுத் தொழுகையும் நின்றிருக்கிறது. அவர் பெற்ற மகளின் பெயர் மட்டும் இல்லை. இதற்கு மாறாக, தில்லிக்கு வந்த புதிதில் ஒரு வயது நிரம்பாமல் இறந்துபோன தம் வேறொரு மகளின் அடக்கச் சடங்கை அவர் விரிவாகச் சொல்கிறார். வஜீர் முன்னின்று நடத்தியது, சுல்தானின் தாயார் அந்தக் குழந்தையின் தாயை அரண்மனைக்கு அழைத்துப் பரிசளித்தது என ஒன்றும் விடுபடவில்லை. அரசவை தொட்ட சாவு நூலில் இடம்பெற்றது. அரசவை தொடாத மகளின் வாழ்வு ஒரு பெருமூச்சோடு நின்றுவிட்டது. பெண்களைப் பற்றிய இடைக்காலப் பதிவுகள் அனைத்தையும் இந்த அளவுகோலோடுதான் நாம் வாசிக்கவேண்டியிருக்கிறது.

ஹூர்நசபை அறிமுகம் செய்யும்போது, அவருடைய அண்ணனோ தம்பியோ ஆன ஷரீஃப் இப்ராஹீமை வைத்தே இப்னு பதூதா அடையாளம் சொல்கிறார். இப்ராஹீமுக்கு ‘கரீத்ததார்’ என்று பட்டம். அரண்மனையின் காகிதமும் எழுதுகோல்களும் அவர் பொறுப்பு. ஹான்சி, சிர்சா பகுதிகளையும் ஆண்டுவந்தார். தந்தை மஅபரில், அதாவது நம் தமிழ்நாட்டில், கலகம் செய்தபோது இப்ராஹீம் தில்லி சுல்தான் முகம்மது பின் துக்ளக்கின் அவையில் இருந்தார். செய்தி வந்ததும் இப்ராஹீமும் உறவினர்களும் பிடிக்கப்பட்டதாக வரலாற்றாசிரியர் பரனி சொல்கிறார். இப்னு பதூதாவின் கதை சற்று வேறு. மஅபருக்குப் படை நடத்திய சுல்தான் தெலுங்கானத்தில் கொள்ளைநோயால் தடைப்பட்டுத் திரும்பினார். அவர் இறந்துவிட்டதாகப் புரளி கிளம்பியது. அந்நேரம் சிந்துவிலிருந்து வந்த கருவூலத்தைப் பறிக்க இப்ராஹீம் எண்ணினார். சுல்தான் உயிரோடிருப்பது தெரிந்ததும் விட்டுவிட்டார். பின்னாளில் காட்டிக்கொடுக்கப்பட்டு, இடுப்பில் இரண்டாக வெட்டிக் கொல்லப்பட்டார். இரண்டில் எதை ஏற்றாலும் ஹூர்நசபின் நிலை ஒன்றுதான். தந்தை தொலைவில் ஒரு நாட்டுக்குச் சுல்தான். தில்லியிலோ ஹூர்நசப் துரோகியின் மகள், பிடிபட்டவனின் சகோதரி. அந்த வீட்டு இரவுகளில் அவர் தொழுத தொழுகையை வெறும் பக்திச் சிறப்பாக மட்டும் என்னால் வாசிக்க முடியவில்லை.

வாசிப்புக்கும் எழுத்துக்கும் இடையே இழுக்கப்பட்ட கோட்டுக்கு வருகிறேன். மேற்குக் கடற்கரை ஊரான ஹோனாவரில் பெண்கள் குர்ஆனை மனப்பாடமாக ஓதுவதையும், அவ்வூரில் பெண் குழந்தைகளுக்கு 13 பள்ளிகள் இருப்பதையும் வியந்து எழுதியவர் இப்னு பதூதா. பெண்களின் கல்வி அவர் கண்ணில் படும் செய்தி. ஆகவே ஹூர்நசபைப் பற்றிய குறிப்பு தற்செயலானதன்று. அரண்மனையின் காகிதமும் எழுதுகோலும் எந்தக் குடும்பத்தின் பொறுப்பில் இருந்தனவோ, அந்தக் குடும்பத்துப் பெண்ணுக்கு எழுத்துப் பழக்கவில்லை. வசதிக் குறைவு இதற்குக் காரணமாக இருக்க முடியாது. ஓதுவதற்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு கொடுத்து, அதற்கு அப்பால் நிறுத்தியது ஒரு கொள்கை. இந்தக் கோடு நமக்கு அந்நியமானதும் அல்ல. தென்காசி, கடையநல்லூர் வட்டாரத்து முஸ்லிம் வீடுகளிலும், பெண்களுக்கென்றே தைக்காக்கள் (தொழுகைக் கூடங்கள்) உள்ள காயல்பட்டினத்திலும், குர்ஆனையும் அரபுத்தமிழ்க் கிதாபுகளையும் தடையில்லாமல் ஓதிய, ஆனால் கையெழுத்துப் போடப் பழக்கப்படாத பெண்கள் சில தலைமுறை முன்புவரை சாதாரணம். ‘ஓதத் தெரிந்தவர்’ என்பதே அங்கு கல்விக்கு அடையாளம். எழுதத் தெரிந்திருந்தால் அவர்கள் நமக்கு எதை விட்டுச் சென்றிருப்பார்கள் என்பதை நினைக்கும்போது மனம் கனக்கிறது.

மதுரை சுல்தானகத்தை வீழ்த்திய தரப்பில் எழுதத் தெரிந்த ஓர் அரசி இருந்தார். குமார கம்பணரின் மனைவி கங்காதேவி, கணவரின் மதுரை வெற்றியை ‘மதுராவிஜயம்’ என்று வடமொழிக் காவியமாக்கினார். அதன் ஏடு 1916இல் திருவனந்தபுரத்தில் கண்டெடுக்கப்பட்டது. மதுரை சுல்தானகத்தின் முடிவைப் பற்றி நாம் வைத்திருக்கும் படிமத்தில் பெரும்பகுதி ஒரு பெண் எழுதியது. அதன் தொடக்கத்தைச் சொல்லியிருக்கக்கூடிய பெண்ணுக்கு வாசிப்பு மட்டுமே வாய்த்தது.

இனி அரியணைக்கு வருவோம். ஜலாலுத்தீன் ஏறக்குறைய ஐந்தாண்டு ஆண்டபின் தம் பிரபுக்களில் ஒருவராலேயே கொல்லப்பட்டார். அடுத்து வந்த அலாவுத்தீன் உதவ்ஜி, போர்முனையில் தலைக்கவசத்தைக் கழற்றிய நேரத்தில் அம்பு பட்டு இறந்தார். அவருக்குப் பின் அவருடைய மருமகன் குத்புத்தீன். அவர் நடத்தை பிடிக்காமல் நாற்பதே நாளில் கொன்றுவிட்டார்கள். பிறகு கியாசுத்தீன் தாமகானி. இவர் ஒரு காலத்தில் வெறும் குதிரைவீரர். பிறகு ஜலாலுத்தீனின் மகன் ஹாஜியிடம் ஊழியம் பார்த்தவர். அரியணை ஏறியதும் அவர் செய்ததாக இப்னு பதூதா சொல்லும் முதல் காரியம், நிறுவனரின் மகளை, அதாவது ஹூர்நசபின் சகோதரியை, மணந்தது. தாமகானிக்குப் பின் அவருடைய சகோதரர் மகன் நாசிருத்தீன். தில்லியில் ஊழியராக இருந்து, சிற்றப்பன் சுல்தானானதைக் கேட்டு, பக்கீர் வேடத்தில் தப்பிவந்தவர் அவர். அவர் தம் அத்தை மகனைக் கொல்லச் சொன்னார்; அந்த அத்தை மகன் தாமகானியின் மகளுக்குக் கணவன். கொன்றபின் அந்த விதவையைத் தாமே மணந்துகொண்டார்.

ஆக நான்கு மாற்றங்களில் மூன்றில் ஒரு மகளோ மருமகனோ நடுவில் நிற்கிறார்கள். இன்னொன்றும் தெரிகிறது. தாமகானி 1340ஐ ஒட்டி அரியணை ஏறியவர். 1344ஐ ஒட்டி அவர் இறக்கும்போது அவர் மகள் மணமானவள். அந்த மகள் ஹூர்நசபின் சகோதரிக்குப் பிறந்தவளாக இருக்க வழியில்லை. தாமகானிக்கு முன்பே குடும்பம் இருந்தது. இருந்தும் அரியணைக்கென்று ஒரு மணத்தைச் செய்துகொண்டார். காரணம் தேடித் தொலைவு போகவேண்டாம். ஜலாலுத்தீன் சையித், நபிகள் வழி வந்தவராக மதிக்கப்பட்ட குடும்பத்தவர். தெற்கே பாண்டியரும் வடமேற்கே ஹொய்சள வல்லாளரும் நெருக்க, வேற்று மண்ணில் ஒரு சிறு படைக்கூட்டம் ஆட்சி நடத்துகிறது. நெல்லைச் சீமையில் பாண்டியர் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் அக்காலத்திலும் தொடர்ந்தன. அந்தக் கூட்டத்தில் வாள் எல்லோரிடமும் இருந்தது. குலப்பெருமை ஒரு வீட்டில்தான் இருந்தது. அந்த வீட்டுக்குள் போக மகள்தான் வழி.

வென்றவன் தோற்றவன் வீட்டுப் பெண்ணை எடுத்துக்கொள்வது எங்கும் உள்ளதுதானே என்று கேட்கலாம். அலாவுத்தீன் கில்ஜி குஜராத் அரசி கமலாதேவியை எடுத்துக்கொண்டது அவ்வகை. அங்கே பெண் எதிரியின் வீட்டவள். அவளைக் கொண்டுவருவது வெற்றியின் அடையாளம். மதுரையிலோ மணக்கப்பட்டவர்கள் அதே ஆட்சிக் குடும்பத்து மகள்கள். தம் உறவை உயர்த்திக்காட்ட இப்னு பதூதா கதையை வளைத்தார் என்றும் சொல்லக்கூடும். அவருக்கு அந்த நோக்கம் இருந்ததை மறுக்கவில்லை. மாலத்தீவிலிருந்து மஅபருக்குப் புறப்பட்ட அவர் கப்பல் திசைமாறி இலங்கையின் புத்தளத்தில் ஒதுங்கியபோது, கரையிலிருந்தவர்கள் அது யாழ்ப்பாண மன்னர் ஆரியச்சக்கரவர்த்தியின் நாடு என்றார்கள். ‘நான் மஅபர் சுல்தானுக்குச் சகலை, கப்பலில் இருப்பவை அவருக்கான பரிசுகள்’ என்று சொல்லித்தான் அவர் இறங்கினார். தில்லியில் விட்டுவந்த மனைவியின் உறவு, இலங்கைக் கரையில் அவர் உயிருக்கும் பொருளுக்கும் காவலாயிற்று. ஆனால் அந்தச் சொல் எடுபட்டது ஏன்? கேட்டவர்களுக்கும் அந்த உறவுக்கு மதிப்பு இருந்ததால்தான். நாசிருத்தீனின் கொலையும் மணமும் இப்னு பதூதாவுக்கு எந்தப் பெருமையையும் தராதவை. அவற்றைப் புனைய அவருக்குக் காரணமில்லை.

பிறகு மஅபர்க் கரையில் கப்பல் தரைதட்டியது. தாமகானி பல்லக்கும் குதிரைகளும் அனுப்பிச் சகலையைத் தம் முகாமுக்கு வரவழைத்தார். அந்த முகாமில் கண்டதை இப்னு பதூதா மறைக்கவில்லை: பிடிபட்ட ஆண்கள் கழுவேற்றப்பட்டார்கள், பெண்கள் தலைமுடியால் அதே கழுமரங்களில் கட்டப்பட்டு, மார்பில் குழந்தைகளோடு கொல்லப்பட்டார்கள். இது எந்த அரசனும் செய்யாத பாவம், இதனால்தான் இறைவன் அவர் சாவை விரைவாக்கினான் என்பது அவர் தீர்ப்பு. அரண்மனையின் மகள்களைப் பற்றி எழுதும் எவரும் பெயரே எழுதப்படாத இந்தத் தமிழ்ப் பெண்களைத் தாண்டிப் போகக்கூடாது. நிறுவனரின் மகள் யாருக்கு மனைவியாக இருந்தார் என்பதும் இதில் அடக்கம்.

தாமகானி மதுரைக்குத் திரும்பியபோது அங்கே கொள்ளைநோய். ஜலாலுத்தீனின் வஜீர் ஒருவரின் மனைவி, வறுமைப்பட்டு, எட்டு வயது மகனோடு இப்னு பதூதாவிடம் உதவி கேட்டு வந்தார். மறுநாள் அதே மகனின் உடலுக்குக் கபன் துணி கேட்டு வந்தார். சுல்தானின் மனைவியும் தாயும் மகனும் நோயில் கிடந்தார்கள். அடுத்தடுத்த வியாழக்கிழமைகளில் ஒரே மகன், தாய், கடைசியில் தாமகானி என்று மூவரும் போனார்கள்.

அதற்குமுன் தாமகானி ஒரு திட்டம் வகுத்திருந்தார். மாலத்தீவை அப்போது ஆண்டவர் சுல்தானா கதீஜா. கப்பல்களைத் தயார்செய்து, அரசிக்கும் அமைச்சர்களுக்கும் பரிசுகள் ஒதுக்கி, கதீஜாவின் சகோதரியைத் தாம் மணக்கும் ஏற்பாட்டையும் படையெடுப்போடு சேர்த்திருந்தார். ஒரு நாட்டின் மகளை மணந்தால் அந்த நாடு பாதி கைவசம் என்பதை மதுரையில் அவர் செய்து பார்த்தவர். கடலுக்கு அப்பாலும் அதையே செய்ய நினைத்தார். அந்த நிக்காஹை அவர் சார்பில் முடித்துவைக்கும் அதிகாரம் ஹூர்நசபின் கணவர் கையில் கொடுக்கப்பட்டிருந்தது.