அந்நியரை வரவேற்ற கரை

விருந்தாளியைக் கண்ணியப்படுத்துவதை ஈமானோடு இணைத்துப் பேசிய மார்க்கம் நம்முடையது. மூன்று நாள் விருந்தோம்பலை விருந்தாளியின் உரிமையாகவே நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்தார்கள். ஆனால், வேறு மொழியும் வேறு மார்க்கமும் உடைய அந்நியர் ஒருவர் நம் வாசலுக்கு வரும்போது எவ்வாறு நடந்துகொள்வது? இதற்கு நம் தாயகத்தின் வரலாற்றிலேயே அழகியதொரு படிப்பினை உண்டு.

மொரோக்கோவின் தன்ஜா நகரில் கி.பி. 1304இல் பிறந்த இப்னு பதூதா, ஹஜ்ஜை நாடி 1325இல் வீட்டை விட்டுப் புறப்பட்டார். 1344இல் மாலைதீவிலிருந்து மஃபர் எனப்பட்ட தென்னிந்தியக் கரைக்குச் சென்ற அவரது கப்பல், திசைமாறி இலங்கைக் கரையை அடைந்தது. அது இன்றைய புத்தளம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. அங்கு இறங்க மாலுமி அஞ்சினான். அக்கரையை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்தி கொடியவர் என்றும், அவரது கப்பல்கள் கடலில் கொள்ளையிடுபவை என்றும் அவன் கேள்விப்பட்டிருந்தான்.

நடந்ததோ வேறு. மன்னர் எழுந்து நின்று வரவேற்றார். தம் அருகில் அமர்த்தினார். கப்பலில் இருந்தோரையும் தம் விருந்தினராக ஏற்றார். பாரசீக மொழியை விளங்கிக்கொண்ட அவர், தூர தேசங்களின் செய்திகளை ஆவலோடு கேட்டார். மூன்று நாட்கள் கழிந்தன. நாளுக்கு நாள் உபசாரம் கூடியதேயன்றிக் குறையவில்லை. முத்துக்களை அன்பளித்த மன்னர், வேண்டியதைத் தயங்காமல் கேட்குமாறும் கூறினார். பாவாத மலையைத் தரிசிப்பதே தம் ஒரே ஆசை என்றார் இப்னு பதூதா.

மன்னர் பல்லக்குக் கொடுத்தார். 4 யோகிகள், 3 பிராமணர்கள், தம் பரிவாரத்தில் 10 பேர், உணவு சுமக்க 15 பேர் என 32 பேரைத் துணைக்கு அனுப்பினார். பயணி திரும்பும்வரை மாலுமியையும் தம் விருந்தினராகவே வைத்துக்கொண்டார். வழியில் ஓர் ஊரில், நோயுற்றுப் பின்தங்கிய குராசான் தேசத்தவர் ஒருவரைத் தவிர முஸ்லிம்கள் எவருமில்லை. அவ்வூராரும் சோறும் நெய்யும் மீனும் கோழியும் பாலும் வைத்து விருந்தளித்தார்கள்.

இந்நாட்டு மக்கள் முஸ்லிம்களை வீட்டுக்குள் அழைத்து உடனிருந்து உண்டதற்கு ஒரு காரணத்தையும் இப்னு பதூதா பதிவுசெய்துள்ளார். முற்காலத்தில் இம்மக்கள் முஸ்லிம் யாத்திரிகர்களை வழிமறித்துத் துன்புறுத்தினார்களாம். ஹிஜ்ரி 371இல் மறைந்த ஷீராஸ் நகரத்துப் பெரியார் இப்னு கஃபீஃப், தோழர்களுடன் மலைக்குச் சென்றபோது பசி வாட்டியது. அவர் தடுத்தும் கேளாமல் தோழர்கள் யானைக் கன்றொன்றைக் கொன்று உண்டார்கள். இரவில் வந்த யானைகள் அவர்களைக் கொன்றன. உண்ண மறுத்த பெரியாரை மட்டும் ஒரு யானை முதுகில் ஏற்றி ஊரில் கொண்டுவந்து விட்டது. அன்றிலிருந்தே முஸ்லிம்களுக்குக் கதவுகள் திறந்தன என்பது அவர் கேட்டறிந்த செய்தி. ஒரு விருந்தாளியின் பேணுதல், பின்னால் வந்த அத்தனை பேருக்கும் வழிதிறந்தது என்பதே இதன் உட்பொருள்.

பிற்பாடு மலபார்க் கடலில் கொள்ளையர்கள் இப்னு பதூதாவை வழிமறித்தார்கள். இலங்கை மன்னர் கொடுத்த முத்துக்களும் மாணிக்கங்களும் பறிபோயின. உடுத்த காற்சட்டையே எஞ்சியது. ஆனால் அம்மன்னரின் உபசாரத்தை எந்தக் கொள்ளையனாலும் பறிக்க முடியவில்லை. 1355இல் மொரோக்கோவில் எழுதி முடிக்கப்பட்ட பயண நூலில் அது இடம்பெற்றது. இன்றும் உலகம் அதைப் படிக்கிறது.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை வெளிநாட்டு நண்பர் ஒருவரை வீட்டுக்கு அழைத்து வரலாம். அவர் உங்கள் உணவை மட்டுமன்றி, வீதியில் முச்சக்கர வண்டிக்காரர் கேட்கும் கூலியையும், கடைக்காரர் சொல்லும் விலையையும், சந்தியில் நிற்கும் இளைஞர்களின் பார்வையையும் ஊருக்கு எடுத்துச் செல்வார். இளைஞர்களே! நீங்கள் அயல்நாடு சென்றால், உங்களுக்குப் பின் வருவோருக்கான கதவு உங்கள் நடத்தையினால்தான் திறக்கும் அல்லது அடைபடும்.

அந்நியரும் அச்சமின்றி அணுகும் வாசல்களாக நம் இல்லங்களை அல்லாஹ் ஆக்கியருள்வானாக!