பல்லுள்ள பறவையும் பொதுப்பணமும்

ஒரு பறவையின் பல்லைக் காட்டி அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஓர் அரசுத் துறையின் நிதியை வெட்டினார்கள். ஆண்டு 1892.

1871-இல் மேற்குக் கான்சாஸின் ஸ்மோக்கி ஹில் ஆற்றுப் பகுதியில், யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஓத்னியல் மார்ஷுக்குத் தலையில்லாத பெரும் பறவை ஒன்றின் எலும்புகள் கிடைத்தன. மறு ஆண்டு அதற்கு ஹெஸ்பரோர்னிஸ் என்று பெயரிட்டார். 'மேற்கின் பறவை' என்பது பொருள். நம் பழைய வழக்கில் குடதிசைப் புள் எனலாம். இன்றைய கான்சாஸ் சமவெளி கடலடியாகக் கிடந்த காலம் அது. சுமார் 8 கோடி ஆண்டுகளுக்கு முன். ஆறடி நீளம். சிறகு தேய்ந்து பெயரளவில் ஓரெலும்பு எஞ்சியிருந்தது. கால்களே துடுப்பு. பறக்க மறந்து கடலுக்குத் திரும்பிய பறவை.

பல் விவகாரம் அதனினும் சுவையானது. 1872-இல் பெஞ்சமின் மட்ஜ் அதே மாநிலத்தில் கண்டெடுத்த இக்தியோர்னிஸ் என்னும் சிறு பறவையோடு பல் நிறைந்த தாடைகளும் இருந்தன. மார்ஷ் அவற்றை ஏதோ ஊர்வனவற்றின் தாடை என்று கருதித் தனிப் பெயரே சூட்டினார். பறவைக்குப் பல் என்பதைக் கண்ணால் கண்டும் மனம் ஏற்கவில்லை போலும்! 1873-இல் தாமே திருத்திக்கொண்டார். ஹெஸ்பரோர்னிஸுக்கும் பல் உண்டென்பது தெளிவாயிற்று. ஊர்வனவற்றிலிருந்து பறவை கிளைத்தது என்பதற்கு இவை அரிய சான்றுகள். 1880-இல் இவ்விரண்டையும் பற்றிய மார்ஷின் பெருநூல் அரசு நிலவாய்வு வரிசையில் வெளிவந்தது. பரிணாமக் கொள்கைக்கு இருபது ஆண்டுகளில் கிடைத்த சிறந்த ஆதரவு இதுவே என்ற கருத்தில் டார்வின் அவருக்குக் கடிதம் எழுதினார்.

அந்த நூலைத்தான் அலபாமா உறுப்பினர் ஹிலரி ஹெர்பர்ட் வீண்செலவின் அடையாளமாக்கினார். அவரை மூடர் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. பொதுப்பணம் எதற்கு என்று கேட்பது மக்கள் பிரதிநிதியின் கடமை. ஆனால் கான்சாஸ் தேடல்களில் பெரும்பகுதி மார்ஷின் சொந்தப் பணத்தில் நடந்தது. அவையில் அது எடுபடவில்லை. உண்மையான குறி, நிலவியல் ஆய்வுத் துறைத் தலைவர் ஜான் வெஸ்லி பவல். வறண்ட மேற்கில் நீர்ப்பாசனம் குறித்து அவர் சொன்னவை பலருக்குக் கசந்திருந்தன. பறவை கைக்கெட்டிய கல். தொல்லுயிர் ஆய்வுக்கான நிதி வெட்டப்பட்டது. பவல் தந்தியடித்து மார்ஷின் பதவி விலகலைக் கேட்டார்.

எலும்புகள் யேலின் பீபாடி அருங்காட்சியகத்திலேயே தங்கின. 2018-இல் இக்தியோர்னிஸின் மண்டையோட்டை முழுமையாக மீட்டமைத்தபோது, புதிதாகக் கிடைத்த மாதிரிகளோடு, மார்ஷ் காலத்துப் பழைய சேகரிப்பில் எவர் கண்ணிலும் படாதிருந்த இரு எலும்புத் துண்டுகளும் உதவின.